இரண்டாம் முக்கோணம்

ஆஸ்ட்ராவாவில் பனி கறுப்பாக விழும் என்பார்கள்.
பொய். வெள்ளையாகத்தான் விழுகிறது.
தரை தொட்டபின் அரைமணி நேரம் பொறுக்க வேண்டும்,
அவ்வளவே.

காலை ஆறேகாலுக்கு
கோக் உலைகளின் மேல்தளத்திலிருந்து இறங்குகிறவர்கள்
குளிக்கப் போகுமுன் என் சன்னலில்
ஆளுக்கொரு குப்பியை வைத்துவிட்டுப் போவார்கள்.
மூடியில் எண். உள்ளே இளஞ்சூடு.
பெயர் எழுதக் கூடாது என்பது விதி.
எழுபத்து மூன்று யாரென்று எனக்குத் தெரியும்.

வெண்டெலின். உலைமூடி தூக்குகிறவன்.
தளம் சுடும் என்பதால் மரக்கட்டை அடித்த காலணி;
வருவது நடைவழியிலேயே கேட்டுவிடும்.
"இன்றைக்கு நல்ல தேயிலை நிறம்" என்றான் ஒரு நாள்.
"தண்ணீர் குடி" என்றேன்.
அதற்கு மேல் சொல்ல என் சம்பளத்துக்கு அனுமதியில்லை.

சொல்ல முடிந்திருந்தால்:

நீ மூச்சில் இழுத்த தார்ப்புகைக்குள்
ஐந்து வளையங்கள் ஒட்டிய சின்னத் தட்டு ஒன்று.
கொழுப்போடு உறவாடும், தண்ணீரோடு பேசாது.
பேசாததால் வெளியேற வழியில்லை.
உடம்பு அதன் விளிம்பில் ஓர் ஆக்ஸிஜனைச் செருகுகிறது.
இரண்டு கார்பன், ஓர் ஆக்ஸிஜன்,
மூன்று முனையிலும் விறைப்பு.
எதையாவது கடிக்காமல் அதற்குத் தீராது.

அப்போது வருகிறான்
எபாக்சைடு ஹைட்ரோலேஸ்.
இரண்டு டைரோசின்கள் ஆக்ஸிஜனை அமுக்கிப் பிடிக்க,
ஓர் அமில நுனி முக்கோணத்தை உடைத்து
அதைத் தன்மேலேயே ஒட்ட வைத்துக்கொள்கிறது.
நஞ்சைச் சொந்த உடம்பில் வாங்கிக்கொண்டு
காத்திருக்கிறான்.
தண்ணீர் வர வேண்டும்.
துளி என்றால் மிகை. ஒரே ஒரு மூலக்கூறு.
வந்தால் விட்டுவிடுவான்.
மந்தமான வேலைக்காரன்தான்;
ஆனால் கல்லீரலில் சந்தைக் கூட்டம் போல் நிற்கிறான்.

இதோடு முடிந்திருந்தால்
உன் குப்பியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அவன் தண்ணீர் சேர்த்த இடத்துக்குப் பக்கத்திலேயே
இன்னோர் ஆக்ஸிஜன் செருகப்படுகிறது.
இரண்டாம் முக்கோணம்.
குடாபோல் உள்வாங்கிய மூலையில் அது உட்கார்ந்துகொள்ள,
நம் ஆளின் கை அங்கே எட்டுவதில்லை.
அவன் திறந்த கதவின் வழியாகத்தான் போயிருக்கிறது.
அவனுக்குத் தெரியாது.
உள்ளறையில், மரபிழையில்,
ஓர் எழுத்தின்மேல் கரி படிகிறது.

இலையுதிர் காலத்தில் அவர்களின் ரத்தமும் எடுத்தோம்.
அந்த நொதியின் மரபணுவில் ஓர் எழுத்து மாறினால்
கை வேகமாகும், இன்னோர் எழுத்து மாறினால் மெதுவாகும்.
வெண்டெலின் சன்னலில் முழங்கையை ஊன்றிக் கேட்டான்:
"என்னுடையது வேகமா, மெதுவா?"
"எதுவாக இருந்தால் உனக்குச் சந்தோஷம்?"
"எது நல்லது?"
சில ஆய்வுகள் வேகம் என்கின்றன,
சில மெதுவே நல்லது என்கின்றன,
மீதி உதட்டைப் பிதுக்குகின்றன.
"வானிலைக்காரர்கள் மாதிரி" என்றான்,
முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

அந்த முழங்காலுக்கும் ஒரு சங்கதி உண்டு.
நம் ஆளுக்கு ஒரு பங்காளி.
ரத்தக்குழாய்களைத் தளர்த்தி வலியைத் தணிக்கும்
நல்ல முக்கோணங்கள் சில நமக்குள்ளே பிறக்கும்;
பங்காளி அவற்றின் மீதும் தண்ணீரை ஊற்றி அணைக்கிறான்.
அவன் கையைக் கட்ட எங்கெங்கோ மாத்திரை தேடுகிறார்கள்.
ஒரே குடும்பம், ஒரே தொழில்.
எந்த முக்கோணம் கையில் வருகிறது
என்பதைப் பொறுத்தே அவர்கள் நல்லவர்கள்.

சுவருக்கு அப்பால் குளியல் குழாய்கள் திறக்கின்றன.
முதலில் போகிற தண்ணீரின் நிறம் எனக்குத் தெரியும்.
குப்பிகளை எண்ணினேன். ஒன்று கூடுதல்.
திறந்து முகர்ந்தேன்:
பிளம் சாராயம், வீட்டில் காய்ச்சியது.
அதன் மூடியிலும் ஒழுங்காக
எழுபத்து மூன்று.

ஒன்றை ஃப்ரீசரில் வைத்துக் குறித்துக்கொண்டேன்.
மற்றதைப் பற்றி விதி ஏதும் சொல்லவில்லை.
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
பனியில் நடந்தேன்,
அது இன்னும் வெள்ளையாக இருந்தபோதே.